ஹெர்மின் கேட்ட மணிக்கணக்கு

ஹெர்மின் ஓல்தோஃபிடம் கணக்கு எழுதக் கொடுப்பவர்கள் யாரிடமும் விற்பதற்கு ஒரு சாமானும் கிடையாது. நாய்க்கு முடி வெட்டுகிறவன், ஜன்னல் கண்ணாடி துடைக்கிறவன், கல்யாணத்தில் படம் எடுக்கிறவள், வீடு வீடாகப் போய் வயதானவர்களின் பாதங்களைப் பராமரிக்கிறவள், பியானோவுக்குச் சுருதி சேர்க்கிறவர். இவர்களுக்கு முதலீடு கையும் நேரமும்தான். மொத்தம் அறுபத்து மூன்று பேர். ஸுட்ஃபன் என்ற டச்சு ஊரில், ஐசெல் ஆற்றை ஒட்டிய தெருவில், ஒரு காலத்தில் ரொட்டிக்கடையாக இருந்த வீட்டின் முன்னறையில் எங்கள் அலுவலகம். இரண்டு மேஜைகள், ஒரு காப்பி இயந்திரம், ஒரு பிஸ்கட் டின். பத்து மணிக்குக் காப்பி, ஆளுக்கு ஒரு பிஸ்கட். இரண்டாவதற்குக் கை நீண்டால் ஹெர்மின் டின்னை மூடிவிடுவாள். கருமித்தனம் என்று நினைத்தேன். அவளுடைய அப்பாவும் அப்படித்தானாம். இந்த ஊரில் பாதி வீடுகள் அப்படித்தான்.

அவளுக்கு ஐம்பத்தொன்பது வயது. என்னைவிட ஒரு முழம் உயரம். 'வைதேகி' அவள் வாயில் நுழையவில்லை. முதல் வாரமே 'வை' ஆக்கிவிட்டாள். பதினொரு வருஷமாக, வாரத்தில் மூன்று நாள் அவளிடம் வேலை பார்க்கும் நான் 'வை'.

தன் கையை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு இங்கே ஓர் எண் உண்டு: ஆயிரத்து இருநூற்று இருபத்தைந்து. வருஷத்தில் அத்தனை மணி நேரம் சொந்தத் தொழிலுக்குச் செலவழித்ததாகக் காட்டினால் வருமான வரியில் சலுகை. ஒரு மணி குறைந்தாலும் கிடையாது. ஆகவே ஆளாளுக்கு ஒரு நோட்டு: தேதி, யார் வீடு, எத்தனை மணி. டிசம்பரில் நோட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கூட்டினால் பலருக்குக் குறையும். அப்போது கணக்கர்கள் ஒன்று சொல்வார்கள். "வீட்டுக்குப் போய் நல்லா தேடிப் பாரு. ஏதாவது விட்டுப் போயிருக்கும்." பொய் எழுது என்று யாரும் சொல்வதில்லை. சொல்கிறவரும் கேட்கிறவரும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்காமல் இருந்தால் போதும். நாலு நாளில் நோட்டு நிறைந்து வரும்.

எவர்ட் ரூலொஃப்ஸ், பியானோக்காரர், மூன்று வருஷத்துக்கு முந்தைய டிசம்பர் பத்தொன்பதாம் தேதி வந்தார். அறுபத்திரண்டு வயது. மழையில் நனைந்த கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தார்.

"நூத்தித்தொண்ணூறு மணி குறையுது, எவர்ட்," என்றாள் ஹெர்மின்.

"அவ்வளவா?"

"வீட்டுக்குப் போய் நல்லா தேடிப் பாரு. ஏதாவது விட்டுப் போயிருக்கும்."

"இருக்கும், இருக்கும். மண்டை போயிடுச்சு. காது மட்டுந்தான் இன்னும் வேலை செய்யுது."

"காதுக்கெல்லாம் சலுகை கிடையாதுப்பா."

அவர் சிரித்தார். இரண்டாவது பிஸ்கட்டுக்குக் கை நீட்டினார். ஹெர்மின் டின்னை மூடினாள். நானும் சிரித்தேன்.

ஜனவரி இரண்டாம் தேதி நோட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். ஆயிரத்து இருநூற்று முப்பத்தொன்று. ஹெர்மின் கடைசிப் பக்கத்துக் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்து அலமாரியில் வைத்தாள்.

பிப்ரவரியில் எவர்ட் இறந்துபோனார். மாரடைப்பு. வாசற்கதவின் தபால் துவாரத்தில் செய்தித்தாள்கள் அடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, எதிர்வீட்டுக்காரர் பதினாறாம் நாள் போலீசைக் கூப்பிட்டார்.

கனடாவில் இருந்த தங்கை ஒருத்திதான் அவருக்குச் சொந்தம். யாராவது எவர்ட்டுக்குப் பணம் தர வேண்டியிருக்கிறதா என்று கேட்டு எழுதினாள். அதற்காகத்தான் ஹெர்மின் அந்த நோட்டை முதல் பக்கத்திலிருந்து திறந்தாள். கடைசி நாட்களின் பெயர்களைப் பார்த்து ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்தாள். ஒலிபெருக்கியில் போட்டிருந்தாள், எனக்கும் கேட்டது.

"வாஸிங்க் அம்மா இருக்காங்களா? டிசம்பர் இருபத்தியோராம் தேதி உங்க வீட்டுல பியானோ பாத்த விஷயமா..."

"யாரு நீங்க? அம்மா போய் நாலு வருஷம் ஆச்சே."

"மன்னிக்கணும். பியானோ?"

"அத அப்பவே கொடுத்துட்டோம். எவர்ட்தான் ஆள் பாத்துக் கொடுத்தாரு."

அடுத்த எண். ஒரு முதியவர், காது மந்தம். எங்க வீட்ல பியானோவா, அது என் முதல் பெண்டாட்டியோட போச்சு என்றார். அடுத்தது ஒரு பள்ளிக்கூடம். இப்போது அங்கே அடுக்குமாடி. பதினோரு வீடுகளைக் கூப்பிட்டாள்; மீதி மணிகளைப் பழைய தேதிகளின் காலி வரிகளில் செருகியிருந்தார். டிசம்பர் பத்தொன்பதுக்குப் பிறகு எழுதிய ஒரு வீட்டிலும் எவர்ட் கால் வைத்திருக்கவில்லை.

அதுகூடப் பெரிதில்லை. எல்லோரும் செய்வதுதான்; சும்மா 'இரண்டு மணி' என்று கிறுக்குவார்கள். எவர்ட் அப்படிக் கிறுக்கவில்லை. சின்னக் கையெழுத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். 'வாஸிங்க் அம்மா. இரண்டரை மணி. நடு ஸ்தாயியில் ஒரு கட்டை ஈரத்தில் ஊதிச் சிக்கிக்கொள்கிறது. ஆப்பிள் கேக் கொடுத்தார்கள். நாய் என் காலடியிலேயே படுத்திருந்தது. அடுத்த வசந்தத்தில் வரச் சொன்னார்கள்.' இப்படி ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கோப்பை காப்பி. ஒவ்வொரு வீட்டிலும் அடுத்த வசந்தத்தில் வரச் சொல்லியிருந்தார்கள்.

ஹெர்மின் தொலைபேசியை வைத்தாள்.

"நூத்தித்தொண்ணூறு மணி குறைஞ்சா என்ன அர்த்தம், வை?"

நான் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். அவளே சொன்னாள்:

"யாரும் கூப்பிடலன்னு அர்த்தம். முப்பது வருஷமா நோட்டு பாக்கறேன். அது எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் போய் நிரப்பிட்டு வான்னு அனுப்புனேன். போய் உக்காந்து நிரப்பியிருக்காரு, பாவி மனுஷன்."

இறந்தவருக்கும் கடைசியாக ஒரு வரிக்கணக்கு உண்டு. ஹெர்மின் அதில் உண்மையான மணியைப் போட்டாள். சலுகை போயிற்று. கனடாவிலிருந்து தங்கை ஒரு சொல்லும் கேட்காமல் கட்டினாள்.

நாங்கள் அந்த நோட்டைப் பழைய கோப்புகளோடு கட்டி மேலே ஏற்றிவிட்டோம். ஆனால் அலுவலகத்துக்கு எதிர்வீட்டில் ஒரு பெண்பிள்ளை பியானோ பழகும். ஒரு கட்டை மட்டும் சற்று இறங்கி ஒலிக்கும். முன்பு எனக்கு அது கேட்டதேயில்லை. இப்போது அந்தக் கட்டை எப்போது வருமென்று காத்திருந்து தப்பாகக் கூட்டினேன். ஹெர்மின் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவாள். சாத்திய பிறகும் கேட்கும். இந்த ஊர் வழக்கப்படி கழிப்பறையில் மாட்டியிருந்த பிறந்தநாள் காலண்டரில், வாடிக்கையாளர்கள் பெயர்களுக்கு நடுவே மே ஒன்பதில் எவர்ட் இருந்தார். அதை அடிக்க அவளுக்குக் கை வரவில்லை. அந்த மே ஒன்பதாம் தேதி காலை, காப்பிக்கு மூன்று கோப்பைகளை எடுத்து ஊற்றினாள். ஊற்றிய பிறகுதான் பார்த்தாள். அதைக் கொட்டவும் இல்லை. சாயங்காலம் நான்தான் கழுவினேன், கொஞ்சம் பயத்தோடு.

அதற்குப் பிறகு அவள் எல்லா நோட்டையும் முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். யாருக்கு மணி குறைந்ததோ அவர்கள் வீட்டுக்குச் சைக்கிளில் போய் நின்றாள். இங்கே சொல்லாமல் கொள்ளாமல் ஒருவர் வீட்டுக்குப் போவது பெரிய அத்துமீறல். கூடப்பிறந்தவர்களே நாள் குறித்துவிட்டுத்தான் வருவார்கள். நாய்க்கு முடி வெட்டும் ஷூர்ட் அலுவலகத்துக்கே வந்து கத்தினான்.

"உனக்கு என்ன ஆச்சு, ஹெர்மின்? எம் பொண்டாட்டி கதவத் திறந்துட்டு, நான்தான் செத்துட்டேனோன்னு பயந்துட்டா!"

"நூறு மணி குறையுதே, ஏன்?"

"மீன் பிடிக்கப் போனேன்! போதுமா? மீனுக்கும் ரசீது வேணுமா?"

"மீன் பிடிச்சியா?"

"ஒண்ணும் மாட்டல."

"சரி, போ."

அந்த வருஷம் நான்கு பேர் எங்களை விட்டுப் போனார்கள். அடுத்த வருஷம் ஏழு. என் மூன்று நாள் இரண்டாகிவிடுமோ என்று நான் கவலைப்பட்டது உண்மை. சொல்ல வாய் வரவில்லை.

போன டிசம்பரில் மார்லூஸ் வந்தாள். பாதம் பார்க்கிறவள். ஐம்பத்தொரு வயது, பெருங்குரல், கன்னமெல்லாம் குளிரில் சிவந்திருக்கும். சைக்கிளின் பின்னால் கருவிப்பெட்டியைக் கட்டிக்கொண்டு சுற்றுக் கிராமமெல்லாம் போவாள். நகம் வெட்டி, கால் ஆணி செதுக்கி, கிழவிகளிடம் ஊர்வம்பு கேட்டு வருவாள். நோட்டில் ஆயிரத்து எழுபத்தொரு மணி.

"நூத்தி ஐம்பத்திநாலு குறையுது," என்றாள் ஹெர்மின்.

"சரி சரி, வழக்கமா சொல்றதச் சொல்லு. போய்த் தேடறேன்."

"சொல்ல மாட்டேன். ஆகஸ்டுலேர்ந்து புதன், வியாழன் ரெண்டும் காலியா இருக்கு. ஏன்?"

"உனக்கு எதுக்கு அது?"

"கேக்கறேன்."

"கணக்கு எழுதறவகிட்ட வந்தனா, பாதிரியார்கிட்ட வந்தனா?" சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நோட்டை எடுத்துப் பையில் வைத்தாள். கோட்டுப் பொத்தானைப் போடாமலே வெளியேறினாள். குளிர் நாளில் ஏன் பொத்தான் போடவில்லை என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஒன்பது நாள் அவள் தொலைபேசியை எடுக்கவில்லை. பத்தாம் நாள் மத்தியானம் ஹெர்மின் சைக்கிளை எடுத்தாள். "நீயும் வா, வை. தனியா போக எனக்குத் தைரியம் இல்ல," என்றாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒன்று நான் கேட்டதில்லை. வழி நெடுக செய்தித்தாள் அடைத்த தபால் துவாரம் ஒன்றே என் கண்முன் இருந்தது. அவள் கண்முன்னும் அதுதான் என்று தெரியும். மார்லூஸின் தெருமுனையில் சைக்கிளை விட்டு இறங்கி நடந்தாள்.

மணி அடித்தோம். யாரும் வரவில்லை. ஹெர்மின் குனிந்து தபால் துவாரத்தின் மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தாள். மூக்குக்கு நேராகக் கதவு திறந்தது.

"என்ன மோந்து பாக்கற?" என்றாள் மார்லூஸ்.

ஹெர்மினுக்குச் சட்டென்று நிமிர முடியவில்லை. நான் கை கொடுத்தேன்.

மார்லூஸ் எங்களை உள்ளே கூப்பிடவில்லை. வாசற்படியில் நின்றபடியே வலது கையை நீட்டினாள். விரல்கள் தாமாக ஆடிக்கொண்டிருந்தன. இன்னொரு கையால் அதைப் பிடித்தாள். அதுவும் சேர்ந்து ஆடியது.

"பாத்தாச்சா? ஜூலைல ஒரு கிழவருக்கு வெட்டிட்டேன். சக்கரை வியாதிக்காரர். ரத்தம் நிக்கல. அவரு பாவம், 'ஒண்ணும் இல்லம்மா, ஒண்ணும் இல்லம்மா'ங்கறாரு. அந்தக் கிராமத்துக்கு அப்புறம் நான் போகல. போதுமா? இத எந்த வரியில எழுதுவ?"

"எழுத மாட்டேன்."

"அப்ப எதுக்கு வந்த?"

"டாக்டர்கிட்ட போனியா?"

"நீ போ, ஹெர்மின்."

கதவு சாத்திக்கொண்டது.

ஜனவரியில் மார்லூஸ் தன் கோப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு, ரயில் நிலையத்தருகே இருக்கும் வேறொரு கணக்கரிடம் போனாள். அங்கே நோட்டு நிறைந்துவிட்டிருக்கும். கையைப் பற்றி ஹெர்மின் ஒரு வரியும் கோப்பில் வைக்கவில்லை. ஆனால் வியாழக்கிழமைதோறும் ஆறு மணிக்கு, கடைக்குப் போகிறேன் என்று கிளம்பி, கடை இல்லாத திசையில் சைக்கிளைத் திருப்பினாள்.

"அவ இப்ப நம்ம ஆள் இல்லயே," என்றேன் ஒருநாள்.

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு?"

"எவர்ட் சாகறப்ப நம்ம ஆளாத்தானே இருந்தாரு."

மார்ச் முதல் வியாழன் நானும் உடன் போனேன். இருட்டத் தொடங்கியிருந்தது. மார்லூஸின் முன் ஜன்னலில், இந்த ஊரின் எல்லா வீட்டிலும் போல, திரை இல்லை. விளக்கின் கீழே மேஜையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். ஒரு கிழங்குக்கு வெகுநேரம் ஆனது. ஹெர்மின் சைக்கிளை மெதுவாக்கினாள். நான் தெருவை முன்னும் பின்னும் பார்த்தேன்.

மார்லூஸ் தலைநிமிர்ந்தாள். எழுந்து வந்து ஜன்னலைத் திறந்தாள்.

"இன்னும் சாகல, ஹெர்மின்! வீட்டுக்குப் போ! தெருவே பாக்குது!"

"டாக்டர்கிட்ட போனியா?"

"போனேன்!"

"என்ன சொன்னாங்க?"

"அது உங் கணக்குல வராது!"

"மறுபடி எப்ப வரச் சொன்னாங்க?"

 ஜன்னல் கொண்டியைப் பிடித்திருந்த மார்லூஸின் கை ஆடியதில் கண்ணாடி கடகடவென்று சின்னதாகச் சத்தம் போட்டது. மூன்று பேரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

"பதினாலாந்தேதி," என்றாள் கடைசியில், குரலைத் தணித்து. "ஆர்ன்ஹெம் பெரிய ஆஸ்பத்திரி. காலைல பத்துக்கு."

"யாரு கூட வர்றா?"

"யாரும் வரல. நீ வராத. உன்னப் பாத்தாலே எனக்குச் சாவு ஞாபகம் வருது."

ஜன்னல் மூடியது. அவள் மேஜைக்குத் திரும்பி அடுத்த கிழங்கை எடுத்தாள். எங்களைப் பார்க்கவில்லை, விளக்கை அணைக்கவும் இல்லை.

ஹெர்மின் தெருமுனை வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தாள். ஆர்ன்ஹெமுக்கு எட்டு முப்பத்தாறுக்கு ஒரு ரயில் உண்டு, அதை விட்டால் நேரமாகிவிடும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"பதினாலு சனிக்கிழமை இல்லையே?"

"இல்ல. செவ்வாய்."

"உனக்கு செவ்வாய் கிடையாது. இருந்தாலும் அன்னைக்கு ஆபீசை நீ வந்து திற."

வருகிறேன் என்றேன்.