இராமதாசின் எம்.ஜி. காரும் ஆதிலட்சுமியும்

புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் ஆதிலட்சுமியின் வீட்டில் அறை ஒன்றுதான். அதில் நோயாளி மாமனார் கிடந்தார். பக்கத்துக் கொட்டகையில் அவளுடைய மூன்று பிள்ளைகளும் படுப்பார்கள். 1974இல் அந்தக் கொட்டகைக்குள் ஒரு கார் வந்து நின்றது. பிள்ளைகளின் படுக்கை வாசலுக்கு வந்தது.

இங்கிலாந்தில் 1952இல் செய்த எம்.ஜி. கார் அது. இரண்டு பேர்தான் உட்காரலாம். மேலே மடக்குகிற துணிக்கூரை. பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்த இராமதாஸ் சைகோனில் வாங்கிக் கப்பலில் கொண்டுவந்தது. ஆதிலட்சுமியின் புருஷன் பலராமன் அவருடைய டிரைவர்; அவரை 'முசே' என்றுதான் கூப்பிடுவான்.

இராமதாஸ் பிரான்சுக்குக் கிளம்பும்போது, "ரெண்டு வருஷம் பாத்துக்கடா பலராமா" என்றார். காரின் முன்விளக்கு ஒன்று உடைந்திருந்தது. "ஜோடி பாத்து வாங்கியாறேன்" என்று அதைக் கழற்றி எடுத்துப்போனார். திரும்பவில்லை.

எழுபத்தேழு ஐப்பசி மழையில் சின்னவளுக்கு நெஞ்சுச்சளி கட்டி மூச்சு இழுத்தது. மில் வேலை முடிந்து வந்த ஆதிலட்சுமி பார்த்தாள். வாசலில் பிள்ளை நனைந்த கோணியில், கொட்டகையில் கார் தார்ப்பாய்க்குள். சக்கரத்துக்கு அண்டைகொடுத்த கல்லை எட்டி உதைத்தாள். காரை மழையில் தள்ளிவிட்டுப் பிள்ளையை உள்ளே கிடத்தினாள்.

"முசே கேட்டா நான் என்ன சொல்லுவேன்?" பலராமன் தலையில் அடித்துக்கொண்டான்.

"பொண்ணு செத்தா எங்கிட்ட என்ன சொல்லுவ?"

பிள்ளை பிழைத்தது. மழை விட்டதும் அவன் காரை மறுபடி உள்ளே ஏற்றினான். அதற்குப் பிறகு அவள் அவனோடு சிரித்துப் பேசியதில்லை.

1980இல் இங்கிலாந்தில் அந்தக் கார் செய்த ஆலையை மூடினார்கள். விலை ஏறிவிட்ட பழைய வண்டிகளைத் தேடி ஆட்கள் அலைந்தார்கள். எண்பத்திரண்டில் இராமதாசின் மகன் லாரியோடு வந்தான். காரைச் சுற்றிப் பார்த்தான்.

"ஒரு லைட் எங்க? வித்துத் தின்னுட்டியா, திருட்டுப்பயலே?"

"உங்கப்பாதான்..." பலராமன் விளக்கு இருந்த இடத்தைக் காட்டினான்.

ஆதிலட்சுமி காரின் கதவைத் திறந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள்.

"எறங்கும்மா."

"எட்டு வருஷம் எம் புள்ளைங்க எடத்துல இது படுத்துக் கெடந்துச்சு. திருடன்னு சொன்ன வாயால இல்லன்னு சொல்லு. எறங்குறேன்."

தெரு கூடிவிட்டது. அவன் முகம் சிவந்து, பிரெஞ்சில் "பர்தோன்" என்றான்.

"தமிழ்ல சொல்லு. அவரப் பாத்துச் சொல்லு."

"தப்புதான். நீங்க திருடல."

இறங்கினாள். லாரியில் ஏற்றும் முன்னால் பலராமன் தோள்துண்டை எடுத்துக் காரைத் துடைக்கப் போனான்.

"தொடாத!"

அவள் போட்ட சத்தத்தில் லாரிக்காரனே விலகி நின்றான். லாரி தெருமுனை திரும்பும் முன்பே அவள் கொட்டகையைக் கழுவத் தொடங்கிவிட்டாள். எண்ணெய்க்கறை போகவில்லை. அதன்மேலேயே பிள்ளைகளுக்குப் பாய் விரித்தாள்.