தானமாக வந்த சீலை

தானம் என்று எனக்கு வந்த மூட்டைகளை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. யுத்த காலம். புதுத் துணி ரேஷன் கூப்பனுக்குத்தான், அதுவும் கடையில் இருந்தால். ராசிபுரத்தில் நான் பழைய துணிக் கடை வைத்திருந்தேன். அதற்கு முன்பெல்லாம் கூடையில் பாத்திரம் சுமந்து ஊர் ஊராகப் போவேன். நாலு பழைய சீலைக்கு ஒரு கிண்ணம். கிழிசலைத் தைத்துத் துவைத்து விற்பேன். யுத்தம் வந்ததும் பாத்திரமும் கிடைக்கவில்லை, பழைய துணியையும் யாரும் விடவில்லை.

அப்போதுதான் பெரிய வீட்டுக்காரர்களுக்குத் தரும சிந்தனை வந்தது. சும்மா எடுத்துக்கொண்டு போய் ஏழைகளுக்கு விலை குறைத்துக் கொடு என்று சொல்லி அனுப்புவார்கள். போய்ப் பார்த்தால் பொத்தான் அறுத்த சட்டை, எலி கடித்த வேட்டி, அடுப்படி துடைத்த துணி. அதைக் கொடுத்துவிட்டு நான் கும்பிடுகிறேனா என்று நின்று பார்ப்பார்கள். கும்பிட்டேன். அடுத்த முறையாவது நல்லது வராதா என்ற ஆசைதான்.

நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஒரு பண்ணைக்காரர் தாயார் தவறிப்போனார். பூவும் பொட்டுமாகப் போன அம்மா. உடம்பின் மேலே கிடந்ததை வண்ணார் எடுத்துக்கொண்டார், பெட்டியிலிருந்த நல்லதை மகள்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். மிச்சம் எனக்கு. பத்துச் சீலையில் ஒன்பது கந்தல். ஒன்று மட்டும் முழுசு. சிவப்பு நூல் சீலை, மேலும் கீழும் கையகல மஞ்சள் கரை. ஜலகண்டாபுரம் தறியில் அந்த வீட்டுக்கென்றே சொல்லி நெய்த கரை.

அதை அந்தப் பக்கத்துக் கூலிக்காரி ஒருத்தி ஒரு படி கம்பு கொடுத்து வாங்கினாள். அவளுக்கும் மருமகளுக்கும் சேர்த்து வெளியே கட்டிப்போக ஒரே சீலைதான் இருந்தது. ஒருத்தி வேலைக்குப் போனால் மற்றவள் கந்தலைச் சுற்றிக்கொண்டு கதவைச் சாத்தி உள்ளே கிடப்பாள். இரண்டாவது சீலை வந்ததும் இரண்டு பேரும் களையெடுக்கப் போனார்கள். போன இடம் அதே பண்ணைக்காரர் காடு.

ஒரு வாரத்தில் அவர் கடைக்கே வந்துவிட்டார்.

"ஏம்மா, எங்காத்தா சீலைய யாருக்குக் குடுத்த?"

"ஏழைக்குக் குடுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

"ஏழைன்னா எங்க காட்டு ஆளுக்கா? கரையப் பாத்துப்போட்டு, ஆத்தாளே வந்து களையெடுக்குதான்னு ஊரே சிரிக்குது. எங்க கண்ணுக்குப் படாத ஊர்ல வித்திருக்கலாமுல்ல?"

"உங்க கண்ணுக்குப் படற ஊர்லதானுங்க அவளுக்குச் சீலை இல்ல."

"வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு. நாளைக்குச் சீலை எங்கூட்டுக்கு வரோணும். இல்லீனா இந்தச் சுத்துல அவளுக்கு எங்கயும் வேலை இல்ல."

அவளுக்கும் சொல்லியனுப்பியிருந்தார். சாயங்காலம் அதே சீலையைக் கட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள். அழவில்லை.

"பண்ணாடிக்குச் சீலை வேணுமாங்க, கரை வேணுமாங்க?"

"கரையத்தான் ஊரு அடையாளம் புடிக்குது," என்றேன்.

"அப்பக் கத்தரி குடுங்க."

கடைக்குப் பின்னால் ஒரு பழைய வேட்டியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து, இரண்டு பக்கக் கரையையும் முழு நீளத்துக்கு வெட்டி எடுத்தாள். பிசிறு பிரியாமல் நான் ஓரம் அடித்துக் கொடுத்தேன்.

மறுநாள் கரை இரண்டையும் சுருட்டிக்கொண்டு போய்ப் பண்ணைக்காரர் கையில் வைத்தேன்.

"மீதி எங்க?"

"மீதி வெறுந்துணிங்க. அதுல உங்க ஊட்டு அடையாளம் ஒண்ணுமில்லீங்க."

கரையை விரித்து முழு நீளமும் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார். அதற்கப்புறம் தானம் என்று எவர் கூப்பிட்டாலும் நான் போகவில்லை. சும்மா வாங்கினால்தானே திருப்பிக் கேட்பார்கள்.

இரண்டு பேரும் வேலைக்குப் போனார்கள். கரை போனதில் சீலை அகலம் குறைந்து அவளுக்குக் கெண்டைக்கால் வரைதான் வந்தது. கூட வேலை செய்கிறவர்கள், "ஏண்டி, ஆத்துல எறங்கப் போறயா?" என்று கேலி பேசினார்களாம். "ஆமா, மாமியாளும் மருமகளும் சேந்தே எறங்கறோம்" என்றாளாம். என்னிடம் வந்து சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முழுச் சீலை அது. கத்தரியை எடுத்து நீட்டியது நான்.