ஒரு அடிக்கு ஆறு நூல்

லேத்துப் பட்டறையில் முப்பது வருஷம் நின்றவன் நான். அளவு தெரியாதவன் என்று யாரும் சொன்னதில்லை. சின்னதாக ஒரு நீராவி ரயில் எஞ்சின் செய்யப்போய் அந்தப் பெயரும் கிடைத்தது.

ஆசை இவ்வளவுதான். கரி போட்டு, ஆவி ஏறி, முற்றத்துத் தண்டவாளத்தில் ஓடவேண்டும். யாரையும் கூப்பிடாமல் நானே எடுத்து வைத்து ஓட்டவேண்டும்.

டேப்பைப் பார்த்தே அளவு எடுத்தேன். இஞ்சுக்கு எட்டு நூல். நிஜ எஞ்சினில் ஒரு அடி, என் எஞ்சினில் நாலு நூல். கணக்கு சுலபம். வேலை சுலபமில்லை. நட்டெல்லாம் கடுகு. கீழே விழுந்தால் கண்ணாடி போட்டும் கிடைக்காது. பாய்லரில் ஒரு தம்ளர் தண்ணீர்தான் பிடிக்கும். நாலு சுற்றில் வற்றிவிடும்.

ஆரியங்கோட்டில் இருந்து மச்சினன் வந்து பார்த்தான். "எஞ்சினா அத்தான் இது? கொஞ்சம் பெரிசாட்டு செய்யப்பிடாதா?"

ரோஷம் வந்தது. அடுத்ததை அடிக்கு எட்டு நூல் என்று தொடங்கினேன். முதலாவது ஆறு கிலோ. அளவு இரட்டி, அப்படியானால் பன்னிரண்டு கிலோ என்று நினைத்துவிட்டேன். ஒன்றரை வருஷம் போயிற்று. எல்லாம் பூட்டி முடித்துத் தூக்கினால் அசையவில்லை. நீளம் மட்டுமா இரட்டித்தது? அகலமும் உயரமும் கூடத்தான். எட்டு மடங்கு. நாற்பத்தெட்டு கிலோ. முன்பே யோசிக்க ஒரு நிமிஷம் போதும்.

பட்டறையில் இருந்து முற்றத்துக்கு ஐந்து படி இறங்க வேண்டும். மனைவி வாசலில் நின்றாள்.

"இஞ்ச பாருங்க, குடலிறக்கத்துக்குக் கீறின வயிறாக்கும். தூக்கிட்டுக் கெடந்தா ஆஸ்பத்திரிக்கு நான் வரமாட்டேன்."

மச்சினன் சொன்னான்: "ஒரு விளி விளிச்சா போதும் அத்தான். நான் வாறேன்லா."

வருவான். மழை இல்லாத நாள் அவனுக்கு ரப்பர் பால் வெட்டும் வேலை. மழை பெய்தால் காலையிலேயே வந்து உட்கார்ந்துவிடுவான். மழையில் எங்கே எஞ்சின் ஓட்ட? சாயா குடித்துவிட்டுப் போவான். எஞ்சின் துணி மூடிக் கிடந்தது.

ஒரு நாள் வெறுத்துப்போய் சாக்கில் அரிசி அள்ளிப் போட்டேன். ஐந்து படியும் இறங்கி ஏறினேன். கனத்தபோது கொஞ்சம் எடுத்தேன். மூச்சு வாங்காமல் சுமந்தது இருபது கிலோ. இந்தத் தடவை மூன்று பக்கமும் பெருக்கி அந்த எடைக்கு அளவு தேடினேன். அடிக்கு ஆறு நூல் வந்தது.

மூன்றாவது எஞ்சினின் சக்கரத்தைக் கடைந்துகொண்டிருக்கும்போது மழை பிடித்தது. மச்சினன் வந்தான். இதை நானே தூக்கிவிடுவேன் என்று தெரிந்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"அப்பம் நான் இனி வரண்டாமா அத்தான்?"

"வா. பாக்க வா. தூக்கண்டாம்."