உப்புக்கு விழுந்த அடி

என் மகன் வினோஜ் நாடகத்தில் எம்.ஏ. படித்தான். அப்படி ஒரு படிப்பு உண்டா என்று என்னிடம் கேட்காதவர் பூதப்பாண்டியில் யாருமில்லை. உண்டு. நிற்பதற்கு ஒரு பாடம், நடப்பதற்கு ஒரு பாடம், மூச்சு விடுவதற்கு ஒரு பாடம். கேரளத்தில் ஒரு காலேஜில் தங்கிப் படித்தான். லீவுக்கு வந்தால் கிணற்றடியில் நின்று சுவரைப் பார்த்து அழுவான். கொஞ்ச நேரத்தில் முகத்தைத் துடைத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து அழுவான்.

பக்கத்து வீட்டுச் சண்முகவடிவு மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள்.

"எக்கா, உனக்க மவன் எதுக்காக்கும் இப்பிடி அழுகான்?"

"படிக்கான்."

"அழுகதுக்கா இம்புட்டு தூரம் அனுப்பின? எனக்க மருமவகிட்ட விட்டிருந்தா ஒத்த வாரத்துல படிச்சிருப்பானே."

நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தால் அதற்கும் வந்து குறை சொல்வான். "எம்மா, இப்பிடித் திரும்பி இரு. ஆடியன்சுக்கு முதுகைக் காட்டக் கூடாது."

"யாருல ஆடியன்சு? இந்தக் கோழியா?"

சிரிப்பான். அந்தச் சிரிப்பு மட்டும் படித்து வந்ததில்லை. சின்ன வயதிலிருந்தே உள்ளது.

கல்யாணமாகி வெகுநாள் கழித்துப் பிறந்தவன். பேச்சு வருவதற்கு முன்பே அடுத்தவரைப் போல நடக்கத் தொடங்கிவிட்டான். தபால்காரர் காலைச் சாய்த்து நடப்பது, கோயிலில் பூசை பண்ணுகிற போத்தி மூக்கைச் சிந்துவது, சண்முகவடிவு சண்டைக்கு முன்னால் சேலையை இழுத்துச் செருகுவது, எல்லாம் அப்படியே வரும். தெரு சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் சிரித்ததில்லை.

அவர் பெயர் குமாரதாஸ். வாழைக்குலை வியாபாரம். காட்டில் குலை வெட்டி வடசேரிச் சந்தைக்கு ஏற்றுவார். சந்தை நாளில் குடிப்பார். தங்கமான ஆளென்று நான் சொல்ல வரவில்லை. கெட்ட வாய். என் வாய் அதைவிடக் கெட்டது, அதனால் குடும்பம் நடந்தது. ஆனால் என்மீது கை வைக்கிற ஆளில்லை. ஒரே ஒரு தடவை தவிர.

அன்றைக்கு வினோஜ் என் சேலையைச் சுற்றிக்கொண்டு, நெற்றியில் பொட்டு வைத்து, வீட்டு முன்னால் ஆடிக்கொண்டிருந்தான். சின்னப் பையன். எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்தார்கள். அதில் ஒருவன், "குமாரதாசுக்கு மவ பொறந்திருக்காடோய்" என்று கத்தினான். அந்த நேரம் பார்த்துத்தான் அவர் குலை வண்டியிலிருந்து இறங்கினார்.

ஒரு சொட்டுக் குடிக்கவில்லை அன்றைக்கு. அதை யார் கேட்டாலும் சொல்வேன். தென்னை மட்டையை எடுத்துக்கொண்டு வந்தார். பையன் ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியில் நுழைந்துகொண்டான். நான் வாசலை அடைத்து நின்றேன். "விலகுட்டி" என்றார். நான் விலகவில்லை. ஓங்கிய மட்டை என் இடது புருவத்தில் இறங்கியது.

ரத்தத்தைப் பார்த்ததும் மட்டையைப் போட்டுவிட்டு முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். திரும்பி வந்தபோதும் பையன் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தான். நான் குனிந்து கூப்பிட்டேன்.

"எம்மா, அப்பா எதுக்கு உன்ன அடிச்சாரு?"

உன்னால்தான் என்று அந்தப் பிஞ்சிடம் எப்படிச் சொல்வது? "மீன்கறியில உப்பில்ல மக்கா. அதான்" என்றேன்.

முற்றத்தில் இருந்த அவர் காதில் அது விழுந்தது. தலையை நிமிர்த்திப் பார்த்தார். இல்லை என்று சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, சாகிறவரைக்கும் சொல்லவில்லை.

மறுநாள் அவருக்குச் சோறு வைத்தேன். பையன் அடுக்களைக்குள் போய் உப்புப் பரணியை, பெரிய பீங்கான் ஜாடி அது, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து, அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். அம்மாவை அடிக்காதே, வேண்டிய உப்பை நீயே போட்டுக்கொள் என்று அர்த்தம். அவர் பரணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேசாமல் சாப்பிட்டார். அன்றிலிருந்து தினமும் இதுதான். பையன் வளர்ந்தான், மீசை வந்தது, பி.காம். போனான். அப்பாவோடு ஒரு பேச்சில்லை. பரணியை மட்டும் கொண்டு வைப்பான்.

சந்தையில் குலை இறக்கும்போது நெஞ்சு வலித்து அவர் போய்ச் சேர்ந்தார். பையன் கொள்ளி வைத்தான், ஊர் பார்க்கிறதே என்று. ஆடி அமாவாசைக்குக் கடலில் போய்த் தர்ப்பணம் செய்யச் சொன்னேன்.

"உப்பில்லன்னு பொம்பளய அடிச்ச ஆளுக்கு நான் சோறு வைக்க மாட்டேன்" என்றான்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். செத்துப் போனவருக்காக உயிரோடு இருக்கிறவன் தலையில் பாரத்தை ஏற்றவா? ஆத்திரம் ஆறட்டும், அடுத்த ஆடிக்குப் பார்க்கலாம் என்று விட்டேன். அடுத்த ஆடி வந்தபோது அவன் நாடகம் படிக்கப் போயிருந்தான். நான் தடுக்கவில்லை. அந்த ஆட்டத்துக்காகத்தானே அடி வாங்கினேன். ஆடட்டும் என்று நினைத்தேன்.

படிப்பு முடிகிற நேரம் போன் பண்ணினான். கடைசிப் பரீட்சைக்கு அவனே ஒரு நாடகம் எழுதி நடிக்கிறானாம்.

"எம்மா, நீ கண்டிப்பா வரணும். இது உனக்காக எழுதினதாக்கும்."

சண்முகவடிவும் கூட வந்தாள். நாகர்கோவிலில் ரயில் ஏறினோம்.

மேடை கிடையாது. ஒரு பெரிய அறை, கறுப்புத் துணி, மூன்று பக்கமும் பெஞ்சு. நடுவில் வெறும் தரை. அதில் ஒரு கட்டில், ஒரு உப்புப் பரணி. என் வீட்டுப் பரணி. நான் தேடாத இடமில்லை, பூனை தட்டி உடைத்திருக்கும் என்று பூனையை வேறு அடித்தேன்.

வினோஜ் உள்ளே வந்தான். அவங்கப்பாவின் நீலக் கட்டம் போட்ட சட்டை. பெட்டிக்கு அடியில் மடித்து வைத்திருந்தேன், அதையும் கேட்காமல் எடுத்திருக்கிறான். இருமல், தோளில் துண்டை உதறிப் போடுவது, நடைக்கு முன்னால் வலது தோள் ஒரு இம்மி ஏறுவது. சண்முகவடிவு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எக்கா, குமாரதாஸ் அண்ணனேதான்!"

அப்புறம் பார்த்தால் மூலையில் ஒரு பெண் முழங்காலைக் கட்டிக்கொண்டு விசும்புகிறாள். அவனோடு படிக்கிற நந்தனா, மார்த்தாண்டத்துக்காரி.

"யாருட்டி அது?" என்று சண்முகவடிவிடம் கேட்டேன்.

"நீயாக்கும்."

"நானா? நான் எப்பட்டி மூலையில குத்தவச்சு அழுதேன்?"

"சும்மா கெட எக்கா. படிச்ச பிள்ளைங்க பாக்குது."

அப்புறம் மீன்கறி வந்தது. சட்டைக்காரன் ஒரு வாய் வைத்தான், துப்பினான், தள்ளாடிக்கொண்டே எழுந்து மட்டையை எடுத்தான். உப்பு, உப்பு என்று கத்திக் கத்தி அந்தப் பெண்ணை அடித்தான். எனக்குப் பின்னால் இருந்த ஒரு பிள்ளை "மிருகம்" என்றது. கடைசியில் பரணியைத் தூக்கி உப்பு முழுவதையும் தன் தலைவழியே கொட்டிக்கொண்டு, செத்தவன் மாதிரி கட்டிலில் கிடந்தான். ஒருத்தர்கூட அந்தாளுக்காக உச்சுக் கொட்டவில்லை.

என் வாயிலிருந்து வந்த பொய் அது. வீட்டோடு கிடந்தது. இப்போது விளக்குப் போட்டு, என் புருஷன் சட்டையை மாட்டி, ஊர் பேர் தெரியாதவர்கள் முன்னால் மிருகமாக்கிக் கிடத்தியிருக்கிறது. எழுந்துவிட்டேன். சண்முகவடிவு சேலையைப் பிடித்து இழுத்தாள். உதறிவிட்டு நடுவில் போய் நின்றேன்.

"லேய், எந்திரி. உப்புக்கு யாருல அடிச்சா? அன்னைக்கி மீனே வாங்கல. நீ எனக்க சேலையைக் கெட்டிக்கிட்டு ரோட்டுல ஆடின. ஊரு சிரிச்சுது. உன்ன அடிக்கத்தான் அந்த மனுசன் மட்டைய எடுத்தாரு. நான் குறுக்க நின்னேன். உனக்கு விழ வேண்டிய அடியாக்கும் இது." புருவத்தைத் தொட்டுக் காட்டினேன். "நீ மனசு ஒடஞ்சு போவியேன்னு உப்புன்னு சொன்னேன். அவருக்கும் தெரியும். தெரிஞ்சும் நீ வச்ச உப்புப் பரணிக்கு முன்னால காலம்பூரா வாய மூடிக்கிட்டுத் தின்னாரு. அவரையாலே குடிகாரனாக்கிக் கொண்டாந்து கெடத்தியிருக்க? பொறவு அந்தப் பிள்ள மூலையில இருந்து மோங்கி அழுகுதே, அது யாரு? நான் அழுததை நீ கண்டியா?"

நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். அப்புறம் யாரோ ஒருவர் கை தட்டினார். அடுத்தவர் தட்டினார். எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள்.

வினோஜ் கட்டிலிலிருந்து எழுந்து வந்தான். தலையெல்லாம் உப்பு, கண்ணெல்லாம் தண்ணீர். என்னைக் கட்டிப் பிடித்தான். என் பிள்ளைக்கு இப்போதாவது விளங்கியதே என்று நானும் அவனைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் என் தோளில் இருந்த அவன் கை மெல்ல அழுத்தியது. என்னைத் திருப்பினான். கட்டிப் பிடித்தபடியே, அழுதபடியே, என் முகம் பெஞ்சுப் பக்கம் வருகிற மாதிரி திருப்பி நிறுத்தினான்.

முதுகைக் காட்டக் கூடாதில்லையா.

அவனுடைய வாத்தியார் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அம்மே, நிங்ஙளாணு நாடகம்" என்றார்.

"நான் நாடகம் இல்ல. அவனைப் பெத்த தள்ளையாக்கும்" என்றேன். அவர் சிரித்தார். பக்கத்தில் நின்றவரிடம் அதையும் சொல்லி மறுபடி சிரித்தார்.

வினோஜுக்கு முதல் மார்க். ரயிலில் வெகுநேரம் சண்முகவடிவு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டேன்.

"நீயும் அவனும் பேசி வச்சுக்கிட்டு செய்ததுதானே? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா. நான் பயந்தே போனேன் கேட்டியா."

ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தேன்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இப்போது உண்மை தெரிந்துவிட்டது. இந்த ஆடிக்காவது வந்து அவருக்கு ஒரு பிடி சோறும் எள்ளும் வைக்கட்டும். போனில் சொன்னேன். "வாறேன் எம்மா" என்றான். அடுத்த மூச்சில், "சீனை மாத்தியாச்சு. நீ சொன்னதுதான் இப்ப கிளைமாக்ஸ். பெரிய விழாவுக்குக் கூப்பிட்டிருக்காங்க" என்றான்.

"அதை எடுத்துப் போடு மக்கா. அந்தாளை விட்டுரு."

"நல்லதுக்குத்தானே செய்யுகேன். அப்பா மேல இருந்த பழியும் போச்சுல்லா? நாலு பேரு முன்னால உண்மையச் சொல்லுகேன்."

"உண்மை தெரிஞ்சதும் அவருக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டியாலே?"

"விட்டேனே. நீயுந்தான் பாத்த."

"அது ஆடியன்சுக்கு."

"எம்மா, இந்த வசனம் கொள்ளாம், நல்லாருக்கு" என்றான் மெதுவாக.

ஆனி கடைசியில் வீட்டுக்கு வந்தான், நந்தனாவையும் கூட்டிக்கொண்டு. என் வேஷம் கட்டுகிறவள் நான் எப்படி இருக்கிறேன் என்று பார்க்க வேண்டுமாம். அழுகிற பெண் போதவில்லை, எழுந்து நின்று வைகிற பெண் வேண்டும் இப்போது. அந்தப் பிள்ளையைக் குற்றம் சொல்ல மாட்டேன். வந்ததும் "அம்மே, ஞான் உங்களுக்குத் தொந்தரவா?" என்று கேட்டது. நல்ல பிள்ளை. ஆனால் கண் என் புருவத்தை விட்டு இறங்கவில்லை.

"எம்மா, எப்பவும் போல இரு. எங்களைப் பாக்காத" என்றான் வினோஜ்.

"ஆடி அமாவாசைக்குக் கடலுக்குப் போணும். லீவு சொல்லிட்டியா?"

அவன் நந்தனாவைப் பார்த்தான். "அன்னைக்குத்தான் எம்மா ஷோ. தேதி அவங்க வச்சதாக்கும். அப்பாவுக்காகத்தானே நடிக்கேன், அதுவும் ஒரு தர்ப்பணம் மாதிரிதான்."

நாக்கு நுனிவரை வந்தது. வந்ததைச் சொல்லியிருந்தால் இரண்டு தெரு கேட்டிருக்கும். சொல்லவில்லை. சொன்னால் அதுவும் விளக்குப் போட்ட இடத்துக்குப் போய்விடும், நந்தனா அதைப் பாடம் பண்ணிக்கொண்டு ஊர் ஊராக என் தொண்டையில் பேசுவாள். வாயை மூடிக்கொண்டேன். சோறு வடித்தேன், மீன்கறி வைத்தேன், இரண்டு பேருக்கும் பரிமாறினேன். பேச்சில்லை.

பரணி அவனிடமிருந்து திரும்பி வந்திருந்தது. எடுத்துக்கொண்டு போய் அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

சோற்றில் இருந்த அவன் கை நின்றது. பரணியைப் பார்த்தான். ஒரு கணம் கட்டிலுக்கு அடியில் கிடந்த அந்தப் பையனின் முகம் வந்தது, நான் பார்த்தேன். ஏதாவது சொல்வான் என்று நின்றேன்.

கண் நந்தனா பக்கம் போனது. "பாத்தியா? பேச்சே இல்லாம வைக்காங்க. இதை விட்டுராத."

சாயந்திரம் இரண்டு பேரும் போனார்கள். சண்முகவடிவு மதிலில் நின்றாள்.

"எக்கா, மவன் வந்துட்டுப் போறானோ? ஒரு சத்தமும் கேக்கலியே. மேலுக்குச் சொகமில்லியா?"

"ஒண்ணுமில்லட்டி" என்றேன்.

ஆடி அமாவாசைக்கு நானே கன்னியாகுமரிக்குப் பஸ் ஏறினேன். கரையெல்லாம் கூட்டம். எள்ளும் பச்சரிசிச் சோறும் இலையில் வைத்துக்கொண்டு வரிசையாக ஆண்பிள்ளைகள். போத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பொம்பளையாளு எதுக்கு வந்தீரு? மவன் இல்லியா?"

"இருக்கான்."

"பொறவு அவனுக்கு என்ன வேலை இன்னைக்கி?"

"அவங்கப்பா வேசம் கெட்டுகான்."

நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துப் போத்தி சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒரு இலையை என் பக்கம் தள்ளினார். அதை எடுத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி, கடலைப் பார்த்து நின்றேன். கரையில் இருந்த அத்தனை பேருக்கும் என் முதுகு.