நெஞ்சுப் பட்டை காட்டிய எண்

சின்னாளப்பட்டியிலிருந்து சைக்கிளில் திரும்பும்போது முதலில் வந்தது வலி அல்ல. நெஞ்சின்மேல் ஈரச் சாக்கைப் போட்டது போல ஒரு கனம். சாலையும் சோளக்காடும் தண்ணீருக்கு அடியில் இருப்பவை போல அசைந்தன.

பிள்ளைகளே, உங்கள் அப்பாவுக்கும் இப்படி வந்திருந்தால் இதைச் சேர்ந்து படியுங்கள்.

ஆஞ்சியோகிராமில் (இதயக் குழாய்களில் மருந்து செலுத்தி எடுக்கும் படம்) அடைப்பு தெரிந்தது. ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்கம்பி) வைத்தார்கள். சில மாதம் கழித்து டாக்டர், "மெதுவா சைக்கிள் ஓட்டலாம். துடிப்பு நூத்தியிருபதைத் தாண்ட வேணாம்" என்றார். ஊர் ஊராகச் சேலை விற்பவன் நான். சைக்கிள் இல்லாமல் பிழைப்பு இல்லை.

துபாயிலிருந்து வந்த மைத்துனர் ஒரு கருவி தந்தார். நெஞ்சில் கட்டும் பட்டை துடிப்பை அறிந்து கைக்கடிகாரத்துக்கு எண்ணாக அனுப்பும்.

முதல் நாள் மிதப்பது போல ஓட்டினேன். தூரத்தில் சிறுமலை நீலமாகக் கரைந்துகொண்டிருந்தது. கடிகாரத்தைப் பார்த்தால் இருநூற்றுப் பத்து! இறங்கி வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். என் பிள்ளைகளின் முகங்கள் மேகம் போலக் கடந்தன. மறுபடி பார்த்தேன். பூஜ்யம்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு வந்து சொன்னேன்.

"கடிகாரக் கணக்குல செத்துப்போன மனுசனுக்குச் சோறு எதுக்குங்க?" என்று சிரித்தாள் மனைவி சகாயமேரி. தட்டை வைத்துவிட்டு, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

அதன்பின் மாடிப்படி ஏறவும் பயந்தேன். மேரிதான் டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

"வீட்ல கட்டுற மாதிரியே கட்டிக் காட்டுங்க" என்றார் டாக்டர். கட்டினேன். "நடுவுல என்ன துணி?"

"கார்மேல் மாதா உத்தரியம் டாக்டர். சின்ன வயசுல கோயில்ல புதுநன்மை வாங்குனதுலருந்து கழுத்துல கெடக்கு."

நெஞ்சுக்குக் காவலாக இருக்கட்டும் என்று, கயிற்றில் தொங்கும் அந்த மாதா படத் துணியின்மேலேயே பட்டையை இறுக்கியிருந்தேன்.

"பட்டை வெறும் தோல்ல ஈரமா ஒட்டணும். இல்லேன்னா குலுங்குறதையும் துடிப்புன்னு எண்ணிரும், சும்மா உக்காந்தா பூஜ்யம் காட்டும்."

உத்தரியத்தைக் கழற்ற மனமில்லாமல் நின்றேன்.

"அம்புட்டுத்தானே? முதுகுப் பக்கம் தள்ளிவிடுங்க. மாதா கேரியர்ல உக்காந்து வரட்டும்" என்றாள் மேரி. டாக்டரே சிரித்துவிட்டார்.

மணிக்கட்டில் விரல் வைத்துத் துடிப்பை எண்ணவும் பழக்கினார். "எண் எதுவா இருந்தாலும், மூச்சு வாங்குனா, நெஞ்சு கனத்தா இறங்கிருங்க."

இப்போது மறுபடியும் சேலை மூட்டையோடு போகிறேன். பட்டை சரியாக ஒட்டினாலும் எண் சற்றுப் பிந்தித்தான் வருகிறது. அந்தச் சிறு இடைவெளியில் என் உடம்பு எனக்கு மட்டும் முன்கூட்டிப் பேசுகிறது. வழியில் வரும் மேட்டுப் பாலத்தின் உச்சியைத் தாண்டி, பெடலை நிறுத்தி, காற்றில் இறங்கிக்கொண்டிருப்பேன். கடிகாரம் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்.