ஸ்டிக்கர் வேற, மோட்டார் ஒண்ணுதான்

பழுதான பொருளைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் யாரும் சிரித்த முகத்தோடு வருவதில்லை. பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு சர்வீஸ் சென்டர் கவுன்டரில் பல வருஷம் உட்கார்ந்து திட்டு வாங்கியவள் சொல்கிறேன். "ஸ்பேர் வரல" என்ற பதிலைக் கேட்டு நொந்த நீங்களும், அதையே சொல்லிச் சொல்லி நொந்த நானும் ஒரே கட்சிதான்.

இலவச எண்

ஆட்டோ ஓட்டும் செல்வம் வாஷிங் மெஷின் போர்டுக்காக நடையாய் நடந்தார். ஒருநாள் பொறுமை போய், என் முன்னாலேயே கம்பெனியின் இலவச எண்ணுக்குப் போன் போட்டார். தமிழுக்கு ஒன்றை அழுத்தி, பாட்டெல்லாம் கேட்டு முடித்ததும், "உங்கள் ஊர் சென்டருக்கு இணைக்கிறோம்" என்றார்கள். என் மேஜை போன் அடித்தது. பழக்க தோஷம், எடுத்து "வணக்கம் சார், சொல்லுங்க" என்றேன். செல்வம் போனைக் காதிலிருந்து எடுக்காமலே என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"எதிர்லதாம்மா நின்னுக்கினு இருக்கேன். முதல்ல ஒரு டம்ளர் தண்ணி குடு."

ஓரகத்திகள்

சின்ன காஞ்சிபுரத்திலிருந்து இரண்டு ஓரகத்திகள் ஒரே நேரத்தில் தனித்தனியாக வந்து நின்றார்கள். மூத்தவளின் மிக்ஸி பெரிய பெயர். இளையவளுடையது யாரும் கேள்விப்படாதது. மூத்தவள் அதைச் சொல்லிக் காட்டியதில்தான் பேச்சுவார்த்தையே நின்றிருந்தது. எங்கள் மெக்கானிக் பாஷா பாய் இரண்டையும் கழற்றி வைத்தார். அதே மோட்டார், அதே தொழிற்சாலை முத்திரை. இருவரும் குனிந்து பார்த்தார்கள். இளையவள்தான் முதலில் வாய் திறந்தாள்.

"இந்த ஸ்டிக்கருக்காவா அக்கா நாம பேசாம இருந்தோம்?"

தென்னேரிக்காரர்

தென்னேரியிலிருந்து மல்லிகா ஓடி வந்தார். கணவருக்கு மூச்சு இழுப்பு; மருந்தை ஆவியாக்கித் தரும் மெஷின் நின்றுவிட்டது. அதில் பெயர் போட்டிருந்த கம்பெனியையே மூடிவிட்டார்கள். "ராத்திரியானா ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்குதும்மா" என்று அழுதார். பாஷா பாய், யாரோ வேண்டாமென்று விட்டுப்போன வேறு கம்பெனி மெஷினைப் பரணிலிருந்து இறக்கித் திறந்தார். உள்ளே அச்சு அசல் அதே பம்பு. மாற்றிப் போட்டதும் ஓடியது. மல்லிகா அதைக் குழந்தைபோல அணைத்துக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் கணவரே சைக்கிள் மிதித்து வந்து பாயின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பேரு எதுனா இருக்கட்டும் பாய், மூச்சு வருதுல்ல."

ஒரே பொருளுக்கு ஊர்ப்பட்ட பெயர் வைத்து விற்கிறவர்களை நான் வாழ்த்தியது அந்த ஒரு தடவைதான்.