ஓடாத லொறியில் ஓடிய விசிறி

காலை ஐந்தரை மணிக்கு மாத்தளைச் சந்தைக்குப் பின்னால் லொறி புறப்படத் தயாராக நின்றது. 2008ஆம் ஆண்டு, தை மாத மழை இன்னும் விட்டபாடில்லை. பல்லேகமப் பக்கத்தில் ஓர் அணைக்கட்டின் கதவுகளைப் பார்த்து வருவது என் வேலை. அலுவலக ஜீப் கராஜில் படுத்துவிட்டது. அந்தப் பக்கம் லக்கலைக்குப் போகும் பஸ்ஸை நம்பி உலை வைக்க முடியாது. அதனால்தான் நிஸாம் நானாவின் லொறி.

முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள்; இந்த நானா மாத்தளைக்காரர். ஐம்பது வயது, சொந்த லொறி, அதை ஓட்டுவதும் அவரே. சீமெந்தும் தகரமும் ஏற்றிப் போய், நெல்லோடு திரும்புவார். அந்த ஒரு லொறியில்தான் வீட்டில் ஆறு பேர் சாப்பிடுகிறார்கள்.

“ஏறுங்க சேர். இன்னைக்குப் புது மாப்பிள்ளையோட போறோம்” என்று ரேடியேட்டரைக் காட்டினார்.

மாப்பிள்ளை என்றது மின்விசிறியை. கழித்துப்போட்ட ஏசி பஸ் ஒன்றிலிருந்து கழற்றியது, பொருத்திய கூலியோடு பன்னிரண்டாயிரம் ரூபாய். முந்திய மாதம் தெல்கமு ஓயா என்ற ஆற்றைக் கடந்தபோது, என்ஜினோடு சுற்றும் பழைய விசிறி தண்ணீரை வெட்டப் போய், இறக்கை வளைந்து ரேடியேட்டரைக் கிழித்துவிட்டதாம். ரேடியேட்டரை ஒட்டி எடுத்தாயிற்று, இறக்கையையும் தட்டி நிமிர்த்தியாயிற்று. அந்த இறக்கை சாக்கில் சுற்றப்பட்டு எங்கள் காலடியில் கிடந்தது.

“இது சரிவரல்லன்னா பல்லேகமயிலேயே பழசை மாட்டிருவேன். சேர் படிச்சவங்க, சொல்லுங்க, எது நல்லது?”

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். என்ஜினோடு கட்டிய விசிறிக்குக் குளிரும் தெரியாது, வெயிலும் தெரியாது. என்ஜின் சுற்றினால் அதுவும் சுற்றும், அந்தச் செலவையும் டீசலில்தான் எழுதும். ஆனால் பெல்ட் அறுந்தாலொழிய ஏமாற்றாது. மின்விசிறி சூடேறினால்தான் எழும்பும், ஆறினால் தானாகப் படுத்துக்கொள்ளும். ஆனால் அதற்குப் பற்றரி, வயர், ஃபியூஸ் என்று உறவுக்காரர் அதிகம். ஒருவர் கோபித்துக்கொண்டாலும் நடு ஏற்றத்தில் தண்ணீர் கொதிக்கும்.

“அப்ப ஏத்தத்துல பாத்துக்குவோம்” என்றார் நானா.

ரத்தோட்டையில் பிளேன்டீ குடித்துவிட்டு ஏறத் தொடங்கினோம். அங்கிருந்து ரிவஸ்டன் உச்சிவரை பாதை கொண்டை ஊசிகளாக வளைகிறது. தேயிலையும் மிளகுக் கொடிகளும் பின்தங்கிப் போக, மூடுபனி கண்ணாடியில் வந்து ஒட்டியது. இரண்டாம் கியரில் லொறி முனகியது. வெப்பமானியின் முள் மேலேறும்போதெல்லாம் முன்னால் ‘உர்’ என்று விசிறி எழும்பும், முள் இறங்கும். நானா ஒவ்வொரு முறையும் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். மருமகன் முதல் சம்பளத்தைக் கொண்டுவந்து கொடுத்த சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது.

எட்டேகால் மணி. உச்சியில் சோதனைச் சாவடி. போர் வடக்கில் நடந்தாலும் இவை நாடு முழுவதும் இருந்தன. என்ஜினை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தி, இறங்கி, அடையாள அட்டைகளைக் கையில் எடுத்தோம்.

என்ஜின் நின்றது. விசிறி நிற்கவில்லை.

இளம் சிப்பாய் ஒருவன் காதைச் சாய்த்துக் கேட்டான். குனிந்து பார்த்தான். பற்றரியிலிருந்து புறப்பட்ட சிவப்பு வயர், ஸ்டியரிங்குக்குக் கீழே புதிதாக வைத்த சுவிட்சில் போய் முடிவது அவன் கண்ணில் பட்டது. நானா நல்ல எண்ணத்தில் சுவிட்சை அணைக்கக் கையை நீட்டினார். “கை வைக்காதே!” என்று சிங்களத்தில் அலறினான் சிப்பாய். குண்டென்று நினைத்துவிட்டான்; துப்பாக்கி உயர்ந்தது. எங்கள் கைகளும் உயர்ந்தன.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அந்த இடத்தில் அவர்களும் அரண்டிருந்தார்கள், நாங்களும் அரண்டிருந்தோம். லொறியை நடுவில் விட்டு எல்லோரும் பின்வாங்கினோம். மலைக்குளிரில் தண்ணீர் ஆறியதும் விசிறி தன் வழக்கப்படி தானாக நின்றது. சுற்றியபோது பயந்தவர்கள், அது நின்றதும் இன்னும் இரண்டு எட்டுப் பின்னால் போனார்கள். இன்று சிரிக்கலாம். அன்று யாரும் சிரிக்கவில்லை.

நானா கைகளை இறக்காமலே சிங்களத்தில் விளக்கினார். பொறுப்பாளர் வந்து, குனிந்து பார்த்து, விசிறிதான் என்று ஒப்புக்கொண்டார். அத்தோடு முடிந்திருக்கும். அப்போதுதான் என் அட்டையைப் பார்த்தார். பிறந்த இடம் வடக்கில், பருத்தித்துறை.

அதன்பின் விசிறியைப் பற்றி யாரும் பேசவில்லை. இவன் யார், எத்தனை நாள் பழக்கம், வயர் போட்டது இவனா என்று எல்லாக் கேள்வியும் நானாவிடம் போனது. “கவர்மென்ட் உத்தியோகத்தர், நாலு வருஷமாத் தெரியும், நான் பொறுப்பு” என்றார் அவர். அவர் அப்படிச் சொல்லாமலும் இருந்திருக்கலாம். லொறியைப் பிடித்து வைத்தால் வாரக்கணக்கில் திரும்பக் கிடைக்காது. சீமெந்து மூட்டைகள் ஒவ்வொன்றாக இறங்கின. மாத்தளையில் விசாரித்து என்னைப் பற்றிப் பதில் வந்து, மூட்டைகளை நாங்களே திரும்ப ஏற்றி முடிக்கப் பதினொன்றரை ஆகிவிட்டது.

மலையின் மறுபக்கம் இறங்கினோம். இலுக்கும்புரவைத் தாண்டித் தெல்கமு ஓயாவுக்கு வந்தோம். தாழ்ந்த பாலத்தின் மேல் தொடையளவு தண்ணீர். எங்களுக்கு முன்னால் நின்ற லொறிக்காரர் என்ஜினுக்குள் தலையைவிட்டு, விசிறி சுற்றாதிருக்கப் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்; முழங்கைவரை கிரீஸ். நானா சுவிட்சை ஒரு தட்டுத் தட்டினார். விசிறி ஓய்ந்தது. தண்ணீரை மெல்லப் பிளந்து அக்கரை ஏறியதும் மறுபடி ஒரு தட்டு. “அல்ஹம்துலில்லாஹ்” என்றார். சாவடிக்குப் பிறகு அவர் சிரித்தது அப்போதுதான்.

பல்லேகமக் கடைத்தெருவில் இறங்கியபோது ஒன்றரை மணி. சாக்கில் சுற்றிய பழைய இறக்கையைக் கையில் எடுத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். திரும்பக் காலடியிலேயே வைத்தார்.

“சேர், ஃபேன் நல்லது. புதுசையே வச்சுக்கிறேன்.”

“நல்லது நானா.”

“கோவிச்சுக்காதீங்க. திரும்பும்போது சேர் பஸ்ல வாங்களேன். வயரும் நீங்களும் ஒண்ணா இருந்தா அவங்க ஒரு மாதிரிக் கணக்குப் போடுறாங்க. வீட்ல புள்ளைங்க இருக்கு சேர்.”

எரிவதைப் பிடுங்கினால் கொதிப்பது அடங்கும் என்பார்கள். அங்கே எரிந்த கொள்ளி நான்தான். “சரி நானா, நான் பஸ்ஸிலேயே வாறன்” என்றேன். அவர் என் பையைத் தூக்கிக்கொண்டு தங்குமிடம்வரை வந்தார். வழியில் பஸ் கண்டக்டரைக் கண்டுபிடித்து, நான் வேலை முடித்தும் அவர் நெல் ஏற்றியும் திரும்பும் வெள்ளிக்கிழமைக்கு முன்வரிசை இருக்கை ஒன்றும் சொல்லிவைத்தார்.

வெள்ளிக்கிழமை பஸ் வந்தது. யானை மிதித்த வயல்களைத் தாண்டி, ஓயாவைக் கடந்து, மறுபக்கத்து ஏற்றத்தை முக்கி முக்கி ஏறியது. உச்சியில் என்ஜினை நிறுத்தினார்கள். பஸ்ஸில் என்ஜினோடு சுற்றும் விசிறி. எல்லாம் ஒன்றாக அடங்கியது. வயர் இல்லை, சுவிட்ச் இல்லை, இரைச்சலும் இல்லை. எல்லோருடைய அட்டையும் திரும்பி வந்தது. என்னுடையது வரவில்லை. பஸ் கொஞ்ச நேரம் காத்திருந்தது. பிறகு கண்டக்டர் என் பையை இறக்கி வைத்துவிட்டு, “குறை நினைக்காதீங்க சேர்” என்று சொல்லி ஏறிக்கொண்டார்.

பாதையோரம் நின்றேன். சற்றுப் பொறுத்து நெல் மூட்டைகளோடு நானாவின் லொறி ஏறி வந்தது. நிறுத்தினார். என்ஜின் அடங்கியது, விசிறி அடங்கவில்லை. அதே இளம் சிப்பாய் ரேடியேட்டரைத் தட்டி ஏதோ கேலி சொன்னான். நானாவும் சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் என்னைக் கண்டுவிட்டார். அவர் கை கதவின் கைப்பிடிக்குப் போயிற்று. நான் வேண்டாமென்று தலையசைத்தேன்.

சிப்பாய் போகச் சொன்னான். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. லொறி மூடுபனிக்குள் இறங்கியது. நல்ல விசிறி. அவர் தேர்ந்ததில் பிழை ஒன்றுமில்லை.